‘கொல்லப்பட்டனர்’ – யாரால்? பத்தாங்காலி சொல்லித்தரும் வரலாற்றுப் பாடம்



சில மாதங்களுக்கு முன் படிவம் 5 வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டபோது, ஒரு மாணவி தன் வரலாற்றுக் குறிப்பேட்டிலிருந்து வாசித்தாள்: “1948இல் பத்தாங்காலியில் 24 பேர் கொல்லப்பட்டனர்.” இலக்கணப்படி சரியான வாக்கியம். ‘நல்லது’ என்று சொல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சார், யாரு கொன்னது?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேட்டவன் குறும்புக்குக் கேட்டானோ என்னவோ, கேள்வி சரியான கேள்வி. செயப்பாட்டுவினையில் செய்தவர் ‘ஆல்’ உருபு ஏற்றுத்தான் வாக்கியத்துக்குள் வரவேண்டும். எழுதுகிறவர் விரும்பாவிட்டால் அவரை விட்டுவிடலாம். வாக்கியம் விழாது, நிற்கும். பத்தாங்காலி வழக்கும் அப்படித்தான் 70 ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறது. இறந்தவர்களின் எண்ணிக்கை தெரியும், தேதி தெரியும், இடம் தெரியும். ‘யாரால், யாருடைய கட்டளையால்’ என்ற இடத்தை மட்டும் எந்த நீதிமன்றமும் நிரப்பவில்லை.

அன்று அந்த மாணவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். படிவம் 4 வரலாற்றுப் பாடத்தில் அவசரகாலம் வருகிறது. அதைப் படிக்கும் மாணவர்களுக்கு இது துணைப் பாடமாகப் பயன்படும்.

என்ன நடந்தது?

முதலில் பின்னணியைப் பார்ப்போம். 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றனர். அடுத்த சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. விசாரணையின்றித் தடுப்புக்காவல், ஊரடங்கு, துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை எனக் கடுமையான விதிகள் வந்தன. கம்யூனிஸ்டுகளின் கையால் போலீஸ்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பலர் உயிரிழந்த காலம் அது. இதை மறைத்துவிட்டுப் பத்தாங்காலியை மட்டும் பேசினால் அதுவும் அரைகுறை வரலாறுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 11. சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டம், பத்தாங்காலி அருகே சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டம். அங்கே கொங்சி வீடுகளில் சீனத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ரோந்துக் குழு ஒன்று, சில போலீஸ்காரர்களின் துணையோடு அங்கு வந்தது. ஆண்களைத் தனியாகவும் பெண்கள், பிள்ளைகளைத் தனியாகவும் பிரித்தார்கள். சுடுவதுபோல் பாவனை காட்டி மிரட்டி விசாரித்தார்கள். அன்று மாலையே ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் இரவு முழுவதும் அடைத்து வைக்கப்பட்டார்கள்.

மறுநாள் டிசம்பர் 12 காலை, பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். கொங்சியில் இருந்த ஆண்களைச் சிறு குழுக்களாக வெளியே கொண்டு வந்தார்கள். சில நிமிடங்களில் 23 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். பிறகு குடியிருப்புக்குத் தீ வைக்கப்பட்டது. மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். முந்தைய நாள் இறந்தவரையும் சேர்த்து மொத்தம் 24 பேர்.

இறந்தவர்கள் சீருடை அணிந்திருக்கவில்லை. அவர்களிடம் ஆயுதம் இல்லை. ரோந்துப் படையினர்தாம் அவர்களைச் சுட்டார்கள் என்பதிலும் யாருக்கும் மறுப்பு இல்லை. சர்ச்சை ஒன்றே ஒன்றில்தான்: அவர்கள் தப்பியோடியதால் சுடப்பட்டார்களா, அல்லது நிற்க வைத்துச் சுடப்பட்டார்களா?

முதல் விசாரணை: 1948–1949

நாளிதழில் முதலில் வந்த செய்தியில் இது இராணுவத்தின் பெரிய வெற்றி. இறந்தவர்கள் ‘கொள்ளைக்காரர்கள்’. கம்யூனிஸ்டுகளைக் குறிக்க அன்றைய அரசு பயன்படுத்திய சொல் அது. ஆனால் தோட்ட முதலாளியே அவர்கள் தன் தொழிலாளர்கள், நல்ல நடத்தை உள்ளவர்கள் என்று சொன்னார். சீனத் தூதரும் விசாரணை கேட்டார். அதனால் மலாயாவின் சட்டத்துறைத் தலைவர் சர் ஸ்டாஃபோர்ட் ஃபாஸ்டர்-சட்டன் விசாரித்தார். இராணுவ வீரர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். தப்பியோட முயன்றதால் சுட வேண்டியதாயிற்று என்பது முடிவு. 1949 ஜனவரி இறுதியில் காலனித்துவ அமைச்சர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ் லண்டன் நாடாளுமன்றத்தில் அதையே பதிலாகச் சொன்னார்.

இங்கே இரண்டு செய்திகளை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, லாரியில் ஏற்றப்பட்ட பெண்களிடம் வாக்குமூலம் வாங்கியதற்கான பதிவு இல்லை. அந்த விசாரணையின் கோப்பே பின்னாளில் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு, அதே ஜனவரி மாதம் அவசரகால விதிகளில் 27A என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. தப்பியோடுபவரைத் தடுக்க உயிர்ப்பறிக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்றது அது. அதோடு நிற்கவில்லை. விதி வருவதற்கு முன்னால் செய்தவற்றுக்கும் அது பொருந்தும் என்று எழுதி வைத்தார்கள். செய்தது சட்டப்படி சரி என்றால், பின்தேதியிட்டு ஒரு சட்டம் எதற்கு? விடையை நீங்களே யோசித்துப் பாருங்க.

இன்னொன்றையும் இதனோடு பொருத்திப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அதே அவசரகால விதிகளின்கீழ், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தண்டனை நியாயமா இல்லையா என்று இன்றும் பேசுகிறோம். ஆனாலும் அவர் ஒரு நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டார். பத்தாங்காலியில் ஆயுதமே இல்லாத 24 பேருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இரண்டாம் விசாரணை: 1970

இருபது ஆண்டுகளுக்குமேல் இந்தக் கதை உறங்கியது. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்ற செய்தி 1969 நவம்பரில் வெளியே வந்து உலகை உலுக்கியது. நம் படை இப்படிச் செய்யுமா என்ற பேச்சு பிரிட்டனில் எழுந்தது. அப்போதுதான் முன்னாள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் வீரர்கள் சிலர் வாய் திறந்தார்கள். 1970 பிப்ரவரி 1ஆம் நாள் ‘தி பீப்பிள்’ என்ற லண்டன் ஞாயிறு நாளிதழ் அவர்களுடைய சத்தியப் பிரமாண வாக்குமூலங்களின் அடிப்படையில் செய்தி வெளியிட்டது. யாரும் தப்பியோடவில்லை, அவர்களைச் சுட்டுத் தள்ளினோம் என்பது அதன் சாரம்.

தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி வழக்கைப் பொது வழக்குத் தொடுப்பு இயக்குநருக்கு அனுப்பினார். லண்டன் மாநகரப் போலீசின் மூத்த துப்பறியும் அதிகாரி ஃபிராங்க் வில்லியம்ஸ் பொறுப்பேற்றார். முறையான எச்சரிக்கை தந்து முன்னாள் வீரர்களை விசாரித்தார். அதாவது, ‘நீ சொல்வது உனக்கு எதிராகவே சாட்சியமாகலாம்’ என்று அறிவித்த பிறகு கேட்ட கேள்விகள். அப்படியும் சிலர் ஒப்புக்கொண்டார்கள். தப்பியோடிய கதையைச் சொல்லும்படி அன்று தங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதாகவும் கூறினார்கள். குழுவை வழிநடத்திய சார்ஜெண்டுகள் மட்டும் பழைய கதையிலேயே நின்றார்கள்.

அடுத்த கட்டமாக வில்லியம்ஸ் மலேசியாவுக்கு வந்து சாட்சிகளைச் சந்திக்கவேண்டும். திட்டம் தயாரானது. அதற்குள் 1970 ஜூன் 18ஆம் நாள் பிரிட்டனில் பொதுத்தேர்தல். தொழிற்கட்சி தோற்று, கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே மாத இறுதியில் விசாரணை நிறுத்தப்பட்டது. சொன்ன காரணம்: போதிய ஆதாரம் இல்லை.

ஆதாரம் தேடப் புறப்பட இருந்தவரைத் தடுத்துவிட்டு, ஆதாரம் இல்லை என்றார்கள். வில்லியம்ஸ் தன் இறுதி அறிக்கையில், ஆட்சி மாறியதால் வந்த அரசியல் முடிவு இது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தார். ஒரு போலீஸ் அதிகாரி தன் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இப்படி எழுதுவது சாதாரணமா? அந்த அறிக்கை மட்டும் இல்லாவிட்டால் இன்று நமக்கு இந்த உண்மை தெரிந்திருக்காது.

மூன்றாம் விசாரணை: 1993–1997

1992இல் பிபிசி தொலைக்காட்சி பத்தாங்காலி பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அதைத் தொடர்ந்து 1993இல் குடும்பத்தினர் போலீசில் புகார் செய்தார்கள். பிரிட்டிஷ் மகாராணிக்கும் மனு போனது. இம்முறை விசாரித்தது நம் நாட்டின் அரச மலேசியப் போலீஸ் படை. கொங்சியில் அன்று இருந்த பெண்களில் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். ஆனால் சுட்டவர்கள் பிரிட்டனில். முன்னாள் வீரர்களை விசாரிக்க அந்நாட்டின் உதவி தேவைப்பட்டது. அந்த விசாரணை கைகூடவே இல்லை. 1997 டிசம்பர் இறுதியில் கோப்பு மூடப்பட்டது. காரணம் மறுபடியும் அதேதான்: போதிய ஆதாரம் இல்லை.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1949இல் சுட்டவர்களின் கூற்று மட்டும் ஏற்கப்பட்டது. 1970இல் சுட்டவர்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் போலீஸ் சாட்சிகளிடம் வரவில்லை. 1993இல் சாட்சிகளிடம் போலீஸ் போனது. ஆனால் சுட்டவர்களை நெருங்க முடியவில்லை. ஒரு பாதி ஆதாரம் லண்டன் கோப்பில். மறு பாதி உலு சிலாங்கூரில் வயதாகிக்கொண்டிருந்த பெண்களின் நினைவில். இரண்டையும் ஒரே மேசையில் வைக்க எந்த விசாரணைக்கும் வழி விடப்படவில்லை. பத்தாங்காலியின் மையமான உண்மை இதுதான் என்பது என் கருத்து.

கடைசி முயற்சி: நீதிமன்றம்

2008இல் குடும்பத்தினர் மீண்டும் மனு கொடுத்தார்கள். பொது விசாரணை நடத்த முடியாது என்று பிரிட்டிஷ் அரசு 2010இல் மறுத்தது. அந்த மறுப்பை எதிர்த்துக் குடும்பத்தினர் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் பணம் கேட்டு முதன்மையாகப் போராடவில்லை, ஒரு விசாரணை வையுங்கள் என்றுதான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2012இல் உயர் நீதிமன்றம், இது திட்டமிட்டுச் சுட்டதுதான் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் விசாரணை நடத்தும்படி அரசைக் கட்டாயப்படுத்த மறுத்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. 2015 நவம்பர் 25ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் குடும்பத்தினரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் 1950இல்தான் உருவானது. 1948இல் நடந்த மரணங்களுக்கு அதன் கடமைகளை அவ்வளவு தூரம் பின்னோக்கி நீட்ட முடியாது என்பது முக்கியக் காரணம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு விசாரணை வேண்டாம் என்று அரசு முடிவு செய்ததும் அறிவுக்குப் பொருந்தாதது அல்ல என்றார்கள். மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பேரொனஸ் ஹேல். உண்மையை நிலைநாட்டுவதற்கென்றே ஒரு மதிப்பு உண்டு, அரசு அதைச் சரியாக எடைபோடவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னர் 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை. அத்துடன் கதவுகள் மூடின. இன்றுவரை ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

“காலம் கடந்துவிட்டது” என்பது 2015இல் சொல்லக்கூடிய காரணம்தான். 1949இல் காலம் கடக்கவில்லை. 1970இல்கூட முற்றாகக் கடந்துவிடவில்லை. சாட்சிகள் இருந்தார்கள், சுட்டவர்கள் இருந்தார்கள், விசாரிக்க ஓர் அதிகாரியும் இருந்தார். தாமதத்தை உண்டாக்கியவர்களே பிறகு தாமதத்தைக் காரணம் காட்டினார்கள்.

இராணுவத்தை விசாரிப்பது ஏன் கடினம்?

சாதாரணக் கொலை வழக்கில் போலீஸ் தேடுவது சம்பவ இடம், உடல், ஆயுதம், கண்ணால் கண்ட சாட்சி. இராணுவம் சம்பந்தப்பட்டால் இன்னொன்றையும் தேடவேண்டும்: கட்டளை. சுட்டவர் யார் என்பதோடு முடியாது. சுடச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், பிறகு மூடி மறைத்தவர் யார் என்று படிப்படியாக மேலே ஏற வேண்டும். மேலே ஏற ஏற, விசாரணையை நிறுத்தும் அதிகாரமும் அங்கேயேதான் இருக்கிறது. சம்பவ இடம் இராணுவத்தின் கையில். ஆவணங்கள் அரசின் கையில். சாட்சிகளோ ஏழைகள், அதுவும் அன்றைய அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்த சமூகத்தவர். இதனால்தான் விசாரணை செய்பவர் அரசின் தலையீடு இல்லாதவராக இருக்கவேண்டும் என்கிறோம். வில்லியம்ஸிடம் திறமை இருந்தது, நேர்மை இருந்தது. தன் விசாரணை தொடர வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ‘கொல்லப்பட்டனர்’ என்று எழுதினால் ‘யாரால்’ என்பதையும் எழுதுங்கள். “பிரிட்டிஷ் ரோந்துப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்” என்பது மறுக்கப்படாத உண்மை. தயங்காமல் எழுதலாம்.

2. உண்மையையும் முடிவையும் பிரித்து எழுதுங்கள். “நிற்க வைத்துச் சுட்டனர்” என்பது முன்னாள் வீரர்கள் சிலரும் உயிர் பிழைத்தவர்களும் சொன்னது. அப்படியே ‘இன்னார் சொன்னார்’ என்று எழுதுங்கள். எந்த நீதிமன்றமும் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் உங்கள் கட்டுரை பலவீனமாகாது. படிப்பவர் உங்களை நம்புவார்.

3. ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற தொடரைக் கண்டதும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: தேடிப் பார்த்து இல்லையா, தேடாததால் இல்லையா? இரண்டும் ஒன்றல்ல.

4. ஒரு தரப்பின் வன்முறையைக் காட்டி மறு தரப்பின் வன்முறையை நியாயப்படுத்தாதீர்கள். சுங்கை சிப்புட்டில் இறந்தவர்களும் மனிதர்கள்தான், சுங்கை ரெமோக்கில் இறந்தவர்களும் மனிதர்கள்தான்.

வகுப்பில் கலந்துரையாட

மூன்று விசாரணைகளையும் மூன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் ‘யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை, யார் நிறுத்தினார்கள்’ என்ற மூன்று கட்டங்களை நிரப்பட்டும். பிறகு மூன்று தாள்களையும் கரும்பலகையில் வரிசையாக ஒட்டிவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். மாணவர்களே பேசத் தொடங்குவார்கள். என் வகுப்பில் 40 நிமிடம் போதவில்லை.

அந்தப் பின்வரிசை மாணவனிடம் அடுத்த வாரம் போய், “உன் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு வந்திருக்கேன்” என்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “அப்போ, தெரியாமப் போனது இல்ல சார். தெரிஞ்சுக்க விடல.” அன்றைய பாடக் குறிப்பில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடத்துக்கு இப்போது அதுவும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். எழுவாய் எங்கே என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பேன்.